எட்டு வாரக் காவல்

நாய் வீட்டைக் காக்கும். வீட்டார் நாயைக் காப்பது அரிது. அவ்வாறு எட்டு வாரம் ஒரு சிறு நாய்க்கு நாம் காவலிருந்த அனுபவத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். கல்வி, சமயம், தொண்டு முதலாய பெரும் பொருள்களைப் பற்றி இம்மலரிலே அறிஞர் பலர் எழுதியிருப்பர். அவற்றினிடையே ஒரு நாயின் முழங்காலுக்கும் சிறிது இடம் கிடைக்கும் என நம்புகின்றோம். தம்மை 'நாயேன்' எனத் தாழ்த்திக்கொண்ட அடியார்தம் பாடல்களைப் பிரார்த்தனை மண்டபத்தில் ஓதி வளர்ந்த பழைய மாணவர்கள் இதன் பொருட்டு எம்மை முனியமாட்டார்கள்.

எமது நாயின் பெயர் சூட்டி. பொமரேனியன் கலப்பு, அப்போது வயது ஐந்து, நிறை 6 கிலோகிராம். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து சென்ற பின்னர், எம் வீட்டு விறாந்தையில் ஓடுங் காலடி ஓசையென எஞ்சியிருந்தது அதனுடையது ஒன்றே. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வோசையிலே ஒரு மாறுதல் தோன்றிற்று. ஓடும்போது இடது பின்னங்காலைத் திடீரெனத் தூக்கிக்கொள்ளும். மூன்று நான்கு அடி தூரம் மற்றை மூன்று கால்களாலும் துள்ளும். பின்பு தூக்கிய காலை ஒருமுறை பின்னே நீட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல ஓடும். சில மாதங்களில் அத்துள்ளல் நீண்டது. நீட்டியும் கால் நிலத்தில் இறங்காத நாட்கள் வந்தன.

எமது பகுதி மிருக வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்த அளவிலே காரணத்தைக் கூறினார். தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. முழங்காற் சில்லு அப்பள்ளத்தினுள்ளே மேலுங் கீழுமாக வழுக்கி ஓடுவது. கிணற்றுக் கப்பியின் பள்ளத்திலே கயிறு ஓடுவதைக் கண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. சிறு சாதி நாய்கள் பலவற்றில் அப்பள்ளம் ஆழங் குறைந்தும், சில்லை இழுக்கும் நாண் சிறிது உட்புறமாகக் கோணியும் அமைந்துவிடுகின்றன. அதனாற் சில்லு பள்ளத்தை விட்டு உட்பக்கமாக நழுவுகின்றது. கயிறு கப்பியை விட்டு விலகினால் வாளி எழாது. சில்லு விலகினாற் கால் நீளாது. இக்குறையை வைத்தியர்கள் நான்கு படிகளாக வகுப்பர். முதற் படியிலே, கையால் தள்ளினால் விலகும் சில்லு கையை எடுத்ததும் தானே திரும்பிவிடும். நான்காம் படியிலே, விலகிய சில்லைக் கையாலும் திருப்ப இயலாது. சூட்டியினது மூன்றாம் படி. சில்லு பெரும்பாலும் வெளியிலேயே கிடந்தது. உள்ளே தள்ளினாலும் மீண்டும் நழுவிற்று. மருந்தினால் இது சீர்ப்படாது என்றும், பேராதனைக்குக் கொண்டு செல்வதே நன்று என்றும் அவர் கூறினார்.

கண்டி வீதியால் ஏறக்குறைய 320 கிலோமீற்றர் பயணம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையிலே, 2024 பெப்ரவரி 20ஆந் திகதி சத்திரசிகிச்சை நடைபெற்றது. தொடையெலும்பின் பள்ளத்தை ஆழமாக்கினர். கீழ்க்கால் எலும்பிலே சில்லின் நாண் பற்றியிருக்கும் மேட்டை வெட்டி, வெளிப்புறமாகச் சிறிது நகர்த்தி, மெல்லிய உருக்குக் கம்பிகளால் இறுக்கினர். கயிறும் கப்பியும் ஒரே நேரில் வந்தன. எம்மிடம் நாயை ஒப்படைத்த வைத்திய அம்மையார், “எங்கள் வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. உங்கள் வேலை எட்டு வாரம்” என்றார். வெட்டிய எலும்பு பொருந்துவதற்கு அத்துணைக் காலம் வேண்டும். அதற்குள் ஒருமுறை பாய்ந்தாலும் கம்பி அசையக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வீடு வந்ததும் முதலிற் செய்தது வேலி. வேலியடைப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய கலையன்று. எனினும் விறாந்தைக்குள்ளே வேலி அடைத்தது எமக்கு அதுவே முதன்முறை. நான்கு அடி நீளம், மூன்று அடி அகலத்தில் சட்டமும் கம்பிவலையுங் கொண்டு ஒரு சிறு வளவு அமைத்தோம். எம் வீட்டுச் சீமெந்துத் தரை கண்ணாடிபோல வழுவழுப்பானது. முன்னர் எமக்குப் பெருமை தந்த அத்தரை இப்போது பகையாயிற்று. நாய் நடக்கக்கூடிய இடமெங்கும் சாக்கையும் இறப்பர் விரிப்பையும் பரப்பினோம். கதிரைகளும் கட்டிலும் பாய்ந்தேற முடியாத அறைகளுக்குச் சென்றன.

முதல் மூன்று நாளும் பனிக்கட்டியைத் துவாயிற் சுற்றி, பத்து நிமிடம் வரையில் நாளுக்கு மூன்று முறை முழங்காலில் வைத்தோம். வீக்கம் தணிந்த பின்னர் அதற்குப் பதிலாக இளஞ்சூட்டு ஒற்றடம். வெளிக்குக் கொண்டு செல்லும்போது வயிற்றின் கீழே ஒரு துவாயைக் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்து, பின்னுடலின் பாரத்தை நாமே தாங்கினோம். தையலை நக்காதிருக்கக் கழுத்திலே புனல் போன்ற பட்டி. வைத்தியர் தந்த நோமருந்தை உணவின் பின்னர், சொன்ன அளவில், சொன்ன வேளையிற் கொடுத்தோம். நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு ஈண்டு ஒன்று கூறல் வேண்டும்: மனிதருக்கான நோக்குளிசைகளை நாய்க்குக் கொடுத்தலாகாது. பரசிற்றமோல் ஈரலையும், ஐபுபுரோபன் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லன. சிறிய உடலுக்கு ஒரு குளிசையே பெருங் கேடாகலாம்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தனர். காயம் அழகாக ஆறியிருந்தது. ஆயினும் சூட்டி அக்காலை நிலத்தில் ஊன்றவில்லை. நாளொன்றுக்கு மூன்று முறை அதனைப் பக்கவாட்டிற் கிடத்தி, முழங்காலை மெல்ல மடக்கியும் நீட்டியும் பத்துப் பத்துத் தடவை பயிற்சி கொடுத்தோம். எமது மனைவியார் தையற்பெட்டியிலிருந்த அளவுநாடாவால் இரு தொடைகளையும் அளந்து நாட்காட்டியிற் குறித்து வந்தார். இடது தொடை, வலது தொடையினும் இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. பயன்படாத தசை அத்துணை விரைவிற் கரையும் என்பதை அந்நாடாவே எமக்குக் கற்பித்தது.

அந்நாட்களில் அயலவர் ஒருவர், “மனிசருக்கே கால் இல்லாத ஊரிலே, நாயின் காலுக்காகப் பேராதனை வரையும் போக வேணுமோ?” என்று கேட்டார். அவர் எம்மை இழித்துரைக்கவில்லை. உள்ளத்திற் பட்டதைக் கேட்டார். போர் பலருடைய கால்களைக் கொண்டுபோன மண்ணிலே அது கேட்கத்தக்க கேள்வியே. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனின் கதை எமக்கு நினைவு வந்தது. ஆயினும், புராணங் கூறி அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. நாம் விடையின்றியே இருந்தோம்.

அக்கேள்வி எழுந்தபோது எம்முடன் அமர்ந்திருந்தவர் எமது வகுப்புத் தோழர் ஒருவர். கல்லூரியிலே நான்கு ஆண்டு ஒரே வாங்கில் இருந்தவர். 1990களில் மிதிவெடியிலே வலது பாதத்தை இழந்து, அன்றுதொட்டுச் செயற்கைக் காலுடன் நடப்பவர். பேசுவதற்கு உரிமையுடையவர் அவர் ஒருவரே. அவரோ ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை வந்து, சூட்டியின் வேலியருகே கதிரையிட்டு அமர்ந்து, நெடுநேரம் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் ஊன்றவில்லையே; சிகிச்சை பலிக்கவில்லையோ என்று பயமாய் இருக்கிறது” என்றோம்.

“அவசரப்படாதை மச்சான். நோ போய்விட்டது, பயம் போகேல்லை. கால் நிலத்தை நம்ப நாட் செல்லும்” என்றார் அவர்.

பின்பு தமக்கு நடைபயிற்றியோர் கூறிய ஒன்றை எமக்குக் கூறினார்: விரைந்து நடந்தால் உடல் நல்ல காலிலேயே பாரத்தைப் போட்டுத் தப்பிவிடும், மிக மெல்ல நடந்தாற் தப்பவியலாது. நாய்க்கும் அது பொருந்தும் என்பது எமக்கு வைத்திய அம்மையார் தந்த குறிப்பிலும் இருந்தது. ஆயினும் அனுபவித்தவர் வாயிலாகக் கேட்டபோதே அதன் பொருள் முழுமையாக விளங்கிற்று. அன்று மாலை அவரே சூட்டியின் கழுத்து வாரைக் கையிற் பிடித்தார். முற்றத்து மணலிலே, வேலி ஓரமாக, அவரது நடைக்கு ஏற்ப நாயும் நடந்தது. அவருக்கு விரைவு இயலாது. அதற்கு விரைவு ஆகாது. ஐந்து நிமிட நடை. நாள்தோறும் அவ்வாறே அவர் வந்தார். பதினெட்டாம் நாள், மணலிலே முதன்முறையாக நான்காவது பாதத்தின் சுவடு பதிந்தது. விரல்நுனி மட்டுமே பட்ட மெல்லிய சுவடு. நண்பர் அதனைக் காலால் மிதியாது விலகி நடந்தார்.

மிகக் கடினமான காலம் நோயின் காலமன்று; நோ தீர்ந்த காலமே. நான்காம் வாரத்திலிருந்து சூட்டி தன்னைச் சுகதேகி என்று கருதிற்று. வேலியின் மேலாற் பாய முயன்றது. அணிலைக் கண்டாற் குரைத்தது. தபாற்காரர் மணியடித்தால் எழுந்து நின்று நடுங்கிற்று. எலும்போ இன்னும் பொருந்தவில்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பது பழமொழி. எம் வீட்டிலோ நிற்பதே நாயின் வேலையாயிற்று. அதனை நிற்கச் செய்வது எமது வேலையாயிற்று. நோயாளியின் நோவைக் கண்டு இரங்குதல் எளிது. அவர் மகிழ்ச்சியோடு கேட்பதை மறுத்தல் எளிதன்று. உணவைக்கூடச் சிறிது குறைத்தோம்; புதிய மூட்டு மிகைப்பாரத்தைச் சுமக்கலாகாது. அது வேலியின் ஊடாக எம்மை நோக்கிய பார்வையை எம் மனைவியாராற் பார்க்க இயலவில்லை. எனினும் கதவை அவர் திறக்கவில்லை. நடையை மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினோம். இருந்து எழும் பயிற்சியையும் சேர்த்தோம்.

எட்டாம் வாரத்திலே சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஊரெங்கும் வெடி. வெடியோசைக்கு அஞ்சிப் பாயும் நாய் அது. அன்று எம் மனைவியார் உள்ளறைக் கதவை அடைத்து, அதனை மடியிற் கிடத்தி, கையால் அணைத்தபடி இருந்தார். வருவோரை வரவேற்கும் பொறுப்பு எம்முடையதாயிற்று. நண்பரும் வந்தார். வெடியோசை கேட்கும்போது அவரும் முற்றத்தில் நிற்பதில்லை. உள்ளறைக்கே சென்று சூட்டியின் அருகில் அமர்ந்தார்.

விடுமுறை கழிந்ததும் மீண்டும் பேராதனை சென்றோம். எக்ஸ்றே படத்திலே வெட்டிய கோடு மறைந்து எலும்பு ஒன்றாகியிருந்தது. சில்லு தன் பள்ளத்திலே இருந்தது. நிறை 5.5 கிலோகிராம். ஓட்டத்தையும் படியேறுதலையும் சிறிது சிறிதாகத் தொடங்கலாம் என அனுமதி கிடைத்தது. மறு முழங்காலிலும் இக்குறை தோன்றுவது மிகுதி ஆதலால் அதனையும் கவனித்து வருமாறு கூறினர். இன்றுவரை கவனித்து வருகின்றோம்.

அயலவரின் கேள்விக்கு இப்போதும் எம்மிடம் சொல்லால் ஆன விடை இல்லை. கேட்டவரும் பின்னொரு நாள் வேலியருகில் நின்று, அம்மாலை நடையை ஒரு சொல்லும் பேசாது பார்த்துச் சென்றார். நண்பர் இன்றும் ஐந்து மணிக்கு வருகின்றார். சூட்டிக்கு இப்போது ஓட முடியும். படலை வரையும் ஓடிச்சென்று அவரை அழைத்து வரும். ஆயினும் வாரை அவர் கையிற் கொடுத்துவிட்டால், அது அவருடைய நடையே நடக்கின்றது.