தம்தம் வார்த்த குரல்கள்

கல்கத்தாவின் வடபால் தம்தம் என்றோர் ஊர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் உருவான கொடிய துப்பாக்கிக் குண்டு, அவ்வூர்ப் பெயரையே தாங்கி உலகெங்கும் இழிபுகழ் பெற்றது. அதே ஊர்தான் பின்னாளில் பாட்டையும் ஊர் ஊராக அனுப்பி வைத்தது.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரலை மெழுகில் பதித்தார். மெழுகுத் தகடுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரை அடைந்தன. அங்கே இசைத்தட்டுகளாக அச்சாகி மீண்டும் கடல் கடந்து வந்தன. இசைத்தட்டின் உயிர்ப்பொருளோ அவலரக்கு. புரசு, இலந்தை மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் திரட்டியது. ஆக, அரக்கும் இந்தியாவினது, குரலும் இந்தியாவினது. கடைசியில் காசு கொடுத்து வாங்கியவனும் இந்தியனே! பாரதக் கதையில் எரிந்த அரக்கு மாளிகையை அறிந்த நாட்டுக்கு, அரக்கு பாடும் என்பதை அயலவர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

1908இல் கல்கத்தாவின் சியால்டாப் பகுதியில் தொழிற்சாலை எழுந்ததும் அவ்வீண் பயணம் குறைந்தது. 1928இல் தம்தம்மில் பெரிய ஆலை அமைந்தது. அரக்கோடு கற்பொடியும் கரித்தூளும் கலந்து பிசைந்த கட்டியைச் சூடேற்றி இளக்கி, இரு உலோக அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துவர். நீராவி வெப்பத்தில் பாட்டின் நுண்வரிகள் படியும். குளிர்நீர் பாய்ந்ததும் தட்டு இறுகும். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. சென்னையில் பதிவான தமிழ்ப் பாடல்களும் இங்கே அச்சாகி, மலாயாவின் தமிழ் இல்லங்கள் வரை வந்தன. தட்டின் நடுவே ஒட்டிய தாளில் பாடியவர் பெயர் உண்டு, இராகத்தின் பெயரும் உண்டு; வெக்கையில் நின்று அழுத்தியவர் பெயருக்கு அதில் இடமில்லை.

பின்னர் அரக்கு போய் வினைல் வந்தது. எனினும் அரக்குத் தட்டு எளிதில் விடைபெறவில்லை. மேலை நாடுகள் அதனைக் கைவிட்ட பிறகும், 1960களில் பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களைக்கூட 78 சுழற்சித் தட்டுகளாக இந்தியாவில் அச்சிட்டனர். சாவி கொடுத்துச் சுழற்றும் பெட்டிகள் அப்போதும் வீடுகளில் இருந்தனவே! இன்று அத்தட்டுகளைத் தேடி மேலை நாட்டுச் சேகரிப்பாளர் பெரும் பணம் தருகின்றனர்.

1980களில் ஒலிநாடா பெருகவே, இசைத்தட்டுக்கு மவுசு குன்றியது. கம்பெனியும் கைமாறியது, 2000இல் ‘சரிகம’ எனப் பெயர் பூண்டது.