மூடி வைத்த சோறு

எங்கள் வாப்பா லொறிச் சாரதி. காத்தான்குடிக்கும் கொழும்புக்குமாக இருபத்திரண்டு வருடங்கள் ஓடியவர். போகும்போது அரிசி மூட்டைகள், வரும்போது புறக்கோட்டையில் ஏற்றிய புடவையும் கடைச் சாமானும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அவர் சொல்லும் கொழும்புக் கதைகளில் பெரிய கட்டடங்கள் வராது, கடல்கூட வராது. சாப்பாட்டுக் கடைகள்தான் வரும்.

"கொழும்பு நித்திர கொள்ளாத ஊரு மகள். ராவைக்கு ரெண்டு மணிக்குப் போனாலும் பசியோட திரும்பி வர மாட்டாய்" என்பார்.

வாப்பா சொல்லிச் சொல்லியே கொழும்பின் இரவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. புதுக்கடையில் பகலெல்லாம் நீதிமன்றமும் கறுப்புக் கோட்டுகளும். பொழுதுபட்டால் அப்துல் ஹமீட் வீதி நெடுக அடுப்பும் புகையும். அங்கே பாபத்தும் பராட்டாவும், தணலில் சுட்ட இறைச்சியும், கடைசியில் குளிரக் குளிர ஒரு பலூடாவும். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் பிலவூஸ். காரில் வந்த பொடியன்மாரும் ஓட்டோக்காரரும் அடுத்தடுத்த மேசையில் இருந்து கொத்துச் சாப்பிடுவார்களாம். காலிமுகத்திடலில் இறால் வடை. "ஆனா அது வாய்க்கு, வயித்துக்கில்ல" என்று வாப்பாவே சொல்லிவிடுவார்.

இத்தனை கடை தெரிந்த மனிதர், நடுச்சாமத்தில் வீடு வந்து சேரும்போது வெறும் வயிற்றோடுதான் வருவார். உம்மா எழுந்து, மூடி வைத்த பீங்கானைத் திறந்து, ஆணத்தைச் சூடாக்கிக் கொடுப்பா. பாதி நித்திரையில் கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வழி நெடுக அத்தின கடையிருக்க, உம்மாவ ஏன் வாப்பா எழுப்புறீங்க?"

வாப்பா சிரித்தார். "கடையில சாப்பாடு இரிக்கி மகள். சோறு இல்ல."

அதை நான் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற வருடம் வாப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. மட்டக்களப்பில் பார்த்துவிட்டு, பைபாஸ் செய்யவேண்டும் என்று கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காக்கா கட்டாரில். சாச்சாவும் உம்மாவும் நானும் போனோம். மருதானையில் ஒரு வீட்டு மாடியில், நோயாளிகளோடு வரும் பெண்களுக்கென்று விட்டிருந்த அறையில் உம்மாவும் நானும் தங்கினோம். அங்கே ஒரு சட்டம் இருந்தது: அறைக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, எலி வருமாம்.

சத்திரசிகிச்சை ஒரு திங்கட்கிழமை. உம்மா அன்று சுன்னத்தான நோன்பு பிடித்திருந்தா. "வாணாம் உம்மா, இண்டைக்கு அலைச்சல் கூட" என்று சொல்லிப் பார்த்தேன். "அவருக்காக நான் வேற என்னத்தச் செய்யலாம்?" என்று கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு வாப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். மஃரிபுக்கு, ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடியே உம்மா மூன்று ஈச்சம்பழமும் ஒரு பிளேன்டீயும் குடித்து நோன்பு திறந்தா. "பொறகு சாப்பிடுவம்" என்றா. அந்தப் 'பிறகு' இரவு பத்தரை மணிக்குத்தான் வந்தது. டொக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது, இனி விடியத்தான் பார்க்கலாம்" என்று சொன்ன பிறகுதான் உம்மாவுக்குப் பசி என்ற ஒன்றே நினைவு வந்தது. சாச்சா அங்கேயே நின்றுகொண்டார். பெண்கள் நாங்கள் இருவரும் வெளியே வந்தோம்.

"எனக்கு ஒரு வாய் சோறு திண்டா போதும் மகள்" என்றா உம்மா.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வாப்பாவின் கொழும்பு என் தலைக்குள் இருக்கிறதே! டீன்ஸ் வீதியால் மருதானைப் பக்கம் நடந்தோம். கொத்து அடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. முதலாவது கடை வாசலில் நின்றோம். உள்ளே ஒரு மேசைகூட வெறுமையாக இல்லை. ஒரு பெண்கூட இல்லை. நாங்கள் வாய் திறப்பதற்குள் வெயிட்டர் தம்பி கேட்டான்:

"பார்சலா?"

எங்களுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் வந்தார்கள். அவர்களிடம், "உள்ளுக்கு வாங்க நானா, எத்தின பேர்?" என்றான்.

அவன் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு இரண்டு அபாயாக்காரிகள் வந்தால் பார்சலுக்குத்தான் வந்திருப்பார்கள் என்பது அவன் கணக்கு. வீட்டில் மேசை இருக்கும், பீங்கான் இருக்கும், பார்சலை அங்கே அவிழ்ப்பார்கள். ஆனால் எங்கள் வீடு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. தங்கும் அறைக்குள் சாப்பாடு போகாது. பார்சலை வாங்கி எந்தத் தெருவில் நின்று அவிழ்ப்பது?

இரண்டாவது கடையிலும் அதே கேள்வி. அங்கே சோறு இருக்கிறதா என்று கேட்டேன். பிரைட் றைஸ் இருக்கிறதாம். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு எண்ணெயில் பிரட்டிய சோறு உம்மாவுக்கு ஒத்துவராது.

அப்போதுதான் விளங்கியது: கொழும்பில் சோறும் கறியும் பகல் வியாபாரம். விடியமுன் அடுப்பேற்றி, பகல் பன்னிரண்டுக்கு அலுவலக ஆட்களுக்குப் பார்சல் கட்டி, அசருக்குள் சட்டி கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். இந்த வெக்கையில் ஆக்கிய கறியை நடுச்சாமம் வரை வைத்து விற்க எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். பராட்டா அப்படியல்ல. குழைத்த மா உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். கேட்கும் நேரம் வீசிப் போடலாம். போட்ட பராட்டாவை முட்டை, கோவா, லீக்ஸ், வெங்காயத்தோடு தகட்டில் கொட்டி, ஆணம் ஊற்றி, இரண்டு தகட்டுக் கத்தியால் கொத்தினால் ஐந்து நிமிடத்தில் கொத்து. இரவுக்கென்றே உண்டான சாப்பாடு அது. நோன்பு மாதமென்றால் சஹருக்குச் சோறு கிடைத்திருக்கும். இது நோன்பு மாதமுமல்ல.

"பரவால்ல மகள். தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்பம்" என்றா உம்மா. அவவின் கை என் தோளில் இருந்தது; நடக்க நடக்க அந்தக் கை பாரமாகிக்கொண்டு வந்தது.

வாப்பாவின் கதையில் இன்னோர் இடம் மிச்சமிருந்தது. பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம். லொறிக்குச் சாமான் வாங்கப் போனால் அந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளில்தான் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டோ பிடித்துப் போனோம். உதிரிப்பாகக் கடைகளெல்லாம் இரும்புக் கதவுகளை இழுத்து மூடியிருந்தன. மூலையில் ஒரேயொரு கடையில் வெளிச்சம். பெயர்ப்பலகையில் எழுத்து மங்கிப்போயிருந்தது. காசுப் பெட்டியடியில் தொப்பி போட்ட ஒரு வயதானவர். உள்ளே நாலைந்து ஓட்டோக்காரரும் லொறி ஆட்களும்.

"வெறுஞ் சோறு இரிக்கா நானா?" என்று உம்மாவே கேட்டா. கொழும்பில் காக்காவை நானா என்றுதான் கூப்பிடவேண்டும் என்பதை இரண்டு நாளில் பழகியிருந்தா.

"வெள்ளச் சோறு பகலோட முடிஞ்சி தங்கச்சி. கொத்து ஈக்கிது, பராட்டா ஈக்கிது."

உம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பினா. நான் திரும்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்:

"உம்மா நோன்பு பெரியப்பா. மூணு ஈச்சம்பழம்தான் திண்டிருக்கா. வாப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில ஒப்பரேஷன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினார். உம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தம்பி! நமக்கு ஆக்கின சோறு எத்தின பேருக்கு?"

"ஏழு பேருக்கு நானா."

"ஒம்பது பேருக்கு ஆக்கு."

அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. காசுப் பெட்டிக்குப் பக்கத்து மேசையைத் தானே துடைத்தார். "மேல பெமிலி ரூம் ஈக்கிது. இப்ப லைட் நூத்தாச்சி. இங்கயே இரிங்க, நான் ஈக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தன் கதிரையைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்கும் தெருவுக்கும் நடுவில் அவருடைய முதுகு இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு தங்கள் பீங்கானுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் வழி நெடுகப் பயந்து வந்த பார்வை அவ்வளவுதான்.

அந்தக் கடையில் எல்லோருடைய பீங்கானிலும் பொலித்தீன் விரித்திருந்தது. கழுவுகிற வேலை மிச்சம். எங்களுக்கு வந்த பீங்கான்களில் பொலித்தீன் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து மூடிக் கொண்டுவந்து வைத்தான் அந்தத் தம்பி. திறந்ததும் ஆவி வந்தது. வெள்ளைச் சோறு, பருப்பு, சூரை மீன் ஆணம், கீரைச் சுண்டல், ஓரத்தில் இரண்டு துண்டு அப்பளம். எங்கள் வீட்டில் எந்த நாளும் ஆக்குகிற சாப்பாடு.

உம்மா பிஸ்மி சொல்லிப் பிசைந்த முதல் பிடியை என் வாயில் வைத்தா. பிறகு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டா. பாதிப் பீங்கான் முடிந்ததும் அப்படியே நிறுத்தி, "வாப்பா இப்ப என்ன செய்றாரோ" என்றா. பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டா. இத்தனை வருடத்தில் உம்மா உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அவவுக்குச் சோறு போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியோடு குசினியில் நின்று சாப்பிடுகிறவ அவ.

காசு கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "விக்கிறத்துக்கு ஆக்கினதில்ல தங்கச்சி. அதுக்கு என்ன விலையென்டு எனக்குத் தெரிய." உம்மாவும் விடவில்லை. "அப்ப நாங்க திண்டது அந்தப் புள்ளைகள்ட பங்கு" என்று சொல்லி, காசைக் குசினித் தம்பியின் கையில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தா. அவர் தடுக்கவில்லை. ஓட்டோவை அவரே மறித்து, சாரதியிடம் இடம் சொல்லி அனுப்பினார்.

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். லொறியை விற்றாயிற்று. ஒருநாள் இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். நுணுக்கமாக விசாரித்தார்: எந்தச் சந்தி, எந்தப் பக்கம், பெட்டியடியில் இருந்தது யார் என்று. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தக் கடையில எத்தின தரம் கொத்துத் திண்டிருப்பன். உள்ள சோறு இரிக்கென்டு எனக்குத் தெரியாதே மகள். நான் ஒருநாளும் கேட்டுப் பாக்கல்ல" என்றார்.

வாப்பா சொன்னது பகிடியல்ல என்று இப்போது எனக்குத் தெரியும். விற்பதற்கு ஆக்குவது சாப்பாடு. பிந்தி வருகிற நம் ஆளுக்கென்று மூடி வைப்பது சோறு. ஆனால் கொழும்பில் சோறு இல்லை என்று அவர் சொன்னது மட்டும் சரியில்லை. பின்குசினியில் அதுவும் இருக்கிறது.

அடுத்த வருடம் எங்களில் பலர் வளாகத்துக்கென்றும் வேலைக்கென்றும் கொழும்புக்குப் போவோம். இரவில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால் புதுக்கடையையும் கொள்ளுப்பிட்டியையும் தயங்காமல் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: வாசலில் "பார்சலா?" என்று கேட்டால், "இல்ல, இருந்து சாப்பிட" என்று சொல்லுங்கள். நான் அன்று அந்த முதல் கடையில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தம்பி ஒரு மேசையைத் துடைத்திருக்கவும் கூடும்.

வாப்பா இப்போது இஷாவுக்குப் பிறகு நேரத்தோடு சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். மூடி வைத்த பீங்கானுக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லாமல் போய்விட்டது என்றுதான் உம்மா நினைத்தா. இப்போது சோறு போடும்போது முதலில் ஒரு பீங்கானில் போட்டு, மீன் துண்டும் வைத்து, நான் மூடி வைக்கிறேன். எல்லோருக்கும் போட்டுவிட்டு வந்து, உம்மா அதைத் திறக்கிறா.

முதல் நாள், "இது ஆருக்கு மகள்?" என்று கேட்டா. இப்போது கேட்பதில்லை.