உடன்குடியில் கசியும் காசு

திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மணல் தேரியும் பனையுமாக விரிகிறது உடன்குடி வட்டாரம். இதன் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ச்சும் பக்குவத்தில் இங்குள்ளவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காசு போவது அதற்குப் பிறகுதான்.

கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சூடு ஆறுமுன் மெல்லிய பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். ஐப்பசி மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

"பாகாப் போனதுக்கு யாரு தம்பி முழு வெல குடுப்பா?" என்றார் ஒரு வியாபாரி அண்ணாச்சி.

கணக்கைப் பாருங்கள். கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவில் 10 கிலோ கசிந்தாலே 3,000 ரூபாய் நஷ்டம். நல்ல பைக்காகக் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதலாகச் செலவழித்தாலும் 1,000 ரூபாய்தான். திரும்பி வரும் சரக்கின் லாரி வாடகை தனி.

அந்தக்காலத்தில் ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றிவிடுவார்கள், ஈரம் அண்டாது. கடைக்குப் போகும் சரக்குக்குப் பரண் ஏது? நன்கு ஆறவைத்து, ஈரம் புகாத கனமான பையில் சீல் வைத்து, வெளியே ஓலைப்பெட்டி போடலாம். வாங்குபவர் கண் முதலில் பெட்டி மேல்தானே விழுகிறது! சில்லறைப் பொட்டலமானால் எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் பைமேல் அச்சிட மறக்க வேண்டாம்.