ஆடி மாசமும் ஆறு பேட்டரியும்

பி.காம். படித்தவனிடம் ஊரில் எல்லோரும் இன்கம்டாக்ஸ் பற்றித்தான் கேட்பார்கள். என் மாமா மட்டும் விதிவிலக்கு. ‘‘மாப்ளே, நீ படிச்சவன். வண்டி சார்ஜ் ஏற மாட்டேங்குது, வந்து பாரு’’ என்றார் போனில். டெபிட், கிரெடிட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அதிலும் பிளஸ், மைனஸ் இருக்கிறதே!

மாமாவுக்கு தர்மபுரி - பென்னாகரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ரோட்டிலிருந்து மண்டபத்துக்கு நடை தூரம் கொஞ்சம் ஜாஸ்தி. வயசானவர்களை ஏற்றி வர செகண்ட் ஹேண்டில் ஒரு பேட்டரி கார் வாங்கிப் போட்டார். சினிமாவில் பணக்கார அப்பாக்கள் கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுவார்களே, அதே ஜாதி. இங்கே கோல்ஃப் மட்டைக்குப் பதில் வெற்றிலைப் பெட்டியோடு பாட்டிகள் ஏறுவார்கள்.

ஓட்டுகிற அண்ணன் பழைய லாரி டிரைவர். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துக்கு அப்புறம் இடது கால் சரியாக மடங்காது. பேட்டரி காரில் கிளட்ச் கிடையாது. அதனால்தான் அவருக்கு இந்த வேலையே.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாலே நாள். வண்டி படுத்துவிட்டது. விற்றவர்கள் அனுப்பிய ஆள் வந்தார். சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. ‘‘ஆறு பேட்டரியையும் மாத்தணும் சார்’’ என்று ஒரு கொட்டேஷனை நீட்டினார். மாமா அதைப் படித்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு கணக்குப் போட்டார். வண்டியை இரும்புக் கடையில் போட்டுவிட்டால் டிரைவர் சம்பளமும் மிச்சம்!

‘‘அந்தாளு சார்ஜ் போட மறந்துட்டான். எல்லாம் அவனால வந்தது’’ என்று பழியும் தயார். டிரைவர் அண்ணன் எதுவும் பேசவில்லை. மண்டபத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆடிட்டில் ஒரு பழக்கம் உண்டு. வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். ‘‘இன்னொருத்தரையும் கேட்டுடலாம் மாமா’’ என்று, லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் கடைக்காரர் ஒருவரை டவுனிலிருந்து அழைத்து வந்தேன். பெரியவர்.

முதலில் அவர் வண்டியைத் தொடவே இல்லை. சார்ஜர் மாட்டும் பிளக்கில் டேபிள் ஃபேனை மாட்டினார். ஓடியது. கரண்ட் வருகிறது, அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து, மாமாவின் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், வாட்ச்மேனின் பீடியை அணைக்கச் சொன்னார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். ஒரு பொறி போதுமாம்.

சீட்டைத் தூக்கினால், டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினார். நுரைத்து அடங்கியது. துடைத்துவிட்டு மீட்டரை வைத்தார்.

எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, ஆக 48 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தால் கிட்டத்தட்ட 51 காட்ட வேண்டும். காட்டியது 29!

‘‘சார்ஜர் நல்லாத்தான் இருக்குது. பேட்டரி இருக்குதான்னு அது மோந்து பாக்கும். இவ்ளோ கம்மியா இருந்தா, இல்லைன்னு நெனச்சுக் கெளம்பாது’’ என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பேங்கில் டார்மென்ட் அக்கவுன்ட் மாதிரி. கவுன்ட்டரில் மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. முதலில் கணக்குக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்ததில் ஐந்து பேட்டரிகள் ஐந்தரை வோல்ட். ஆறாவது மட்டும் ஒன்றரை. வரிசையாகக் கோர்த்த சங்கிலி ஆயிற்றே, ஒரு கண்ணி நைந்தால் மொத்தமும் போச்சு.

‘‘எத்தினி நாளா சும்மா நின்னுச்சு?’’

‘‘ஆடி முழுக்க. அப்ப ஏது முகூர்த்தம்?’’

‘‘சும்மா நின்னாலும் சார்ஜ் எறங்கும்ங்க. காலியா கெடந்தா பிளேட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். டிரைவர் சார்ஜ் போடலியா?’’

மாமா மௌனம். ‘ஆடியில் வேலை இல்லை, ஆவணிக்கு வா’ என்று டிரைவர் அண்ணனை அனுப்பியது மாமாவேதான்!

பெரியவர் மூடியைத் திறந்தார். ‘‘என்ன தண்ணி ஊத்துனீங்க?’’

‘‘போர் தண்ணிதான். டிஸ்டில்ட் வாட்டருக்கு எதுக்கு தண்டச் செலவு?’’

பெரியவர் உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினார். அத்தனையும் பழுப்புக் கறை. ‘‘நம்ம ஊரு போர் தண்ணி என் பல்லையே இப்பிடி ஆக்கிடுச்சு. பேட்டரிய விடுமா?’’

சிரிக்க முடியவில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் நிலத்தடி நீர் அதைத் தாண்டியது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பல்லைக் கெடுப்பது ஃப்ளோரைடு. பேட்டரியைக் கெடுப்பது தண்ணீரில் உள்ள மற்ற உப்புகளும் இரும்பும்.

ஆறு பேட்டரியும் கடைக்குப் போயின. ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ். மறுநாள் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், ஐந்தில் 1250-ஐ ஒட்டி வந்தது. ஆறாவதில் ஒரு செல் 1100-லேயே நின்றது. அது மட்டும்தான் அவுட்!

‘‘புதுசே போட்டுடலாமா?’’ என்றேன்.

‘‘வேணாம் தம்பி. பழசுங்களோட சேந்தா புதுசும் சீக்கிரம் கெட்டுடும். இதே வயசுல நல்லதா ஒண்ணு போடலாம்.’’

புது பேட்டரியில் அவருக்கு லாபம் அதிகம். இருந்தும் அப்படிச் சொன்னார். மொத்தச் செலவு கொட்டேஷனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

லெட்-ஆசிட் பேட்டரியை பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-ல் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அதன் பேரன்தான். அதுவும் கேட்பது இதே மூன்றுதான்: டிஸ்டில்ட் வாட்டர், சுத்தமான டெர்மினல், காலியாகக் கிடக்கவிடாத சார்ஜ். தண்ணீரைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே கொஞ்சம். லித்தியம் பேட்டரி என்றால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள்.

முதல் முகூர்த்தத்தில் பாட்டிகள் ஜம்மென்று வந்து இறங்கினார்கள். மாமா இரண்டு கேன் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். இனிமேல் ஆடியிலும் டிரைவர் அண்ணனுக்குச் சம்பளம் உண்டு. வாரம் ஒரு தரம் பேட்டரியைப் பார்த்துச் சார்ஜ் போட வேண்டும்.

‘‘இதை எந்தத் தலைப்புல எழுதறது மாப்ளே?’’ என்று லெட்ஜரை நீட்டினார் மாமா.

‘பேட்டரி பராமரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று ஒரு தலைப்பு பி.காம். பாடத்தில் இல்லையே!