சித்தி ஏறி இறங்கிய லயங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் உத்திரத்தில் வட்ட முகத் தராசு ஒன்று தொங்கும். துணித் தூளியில் பிள்ளையை இறக்கினால் முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். கீழே நின்று அட்டையில் புள்ளி வைப்பவர் என் சித்தி. சம்பளத்துக்கு அவர் கொழுந்துதான் எடுத்தார். எண்பதுகளில் கண்டியிலிருந்து வந்த ஒரு சின்னக் குழு எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலருக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுத்தது. சித்தியும் அதில் இருந்தார்.

அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு வருவார். கூடையை வாசலில் சாய்த்துவிட்டு மறுபடி கிளம்புவார். எங்கள் வரிசை வீடுகள்தான் லயங்கள்: மேல் லயம், நடு லயம், ஆற்றோரத்து லயம். வயிற்றாலே போகிற பிள்ளைக்கு ஜீவனி உப்புக்கரைசல் பக்கட் கரைத்துக் கொடுப்பார். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் அவர் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது: "சோறு தின்ன கையோட சாயத்தண்ணி குடிக்காத புள்ள. மாத்திரையில இருக்கிற சத்து ஒட்டாது." இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது என்பது உண்மைதான். இதையே டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா சொன்னால் தலையாட்டிவிட்டு வருவார்கள். சித்தி சொன்னால் எதிர்த்துக் கேட்பார்கள், வாதாடுவார்கள், பிறகு செய்வார்கள்.

பசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். 1974 பஞ்சத்தைப் பற்றி அப்பாயி அடுப்பங்கரையில் விட்டு விட்டுச் சொல்வார். கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கின, வேலை நாளும் சுருங்கியது. கிழங்கு போட்டுக்கொள்ளக் கையகல நிலமும் தோட்டத்து ஆளுக்கு இல்லை. பலர் மலையை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கினார்கள். எனக்கு மூத்தவன் ஒருவன் அந்த வருஷம்தான் இறந்து போனான். அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தராசு முள் இறங்கினால் சித்தியின் முகம் ஏன் அப்படி மாறும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

தோட்டத்தில் வைத்தியம் மேலிருந்துதான் இறங்கி வந்தது. 1872இல் வெள்ளைக்கார அரசு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் போட்டது. 1912இல் அதைத் திருத்தி விரித்தது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க வந்தார்கள். மண்ணில் கிடக்கும் அந்தப் புழு வெறுங்காலைத் துளைத்து ஏறிக் குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். தோட்டத்துக்குக் கை தேவைப்பட்டது, அதனால் தொழிலாளியின் காலைப் பார்த்தார்கள். புழு மருந்து கொடுத்தார்கள். கக்கூஸ் கட்டுவது மெதுவாகத்தான் நடந்தது. மருந்து குடித்தவன் அதே மண்ணில் நடந்து திரும்பவும் புழுவை வாங்கினான். முக்கால் நூற்றாண்டு கழித்தும் சித்தியின் நோட்டில் எந்த லயத்துக்குக் கக்கூஸ் இல்லை என்ற கணக்கு இருந்தது.

அந்த நோட்டில் இல்லாத கணக்கு அவருடையது. பயிற்சி நாளிலும் நிறுவை நாளிலும் மலைக்குப் பிந்திப் போவார். கிலோ குறையும், அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். குழு அவருக்கு ஒரு பையும் குடையும் சான்றிதழும் தந்தது. அவர்கள் நல்லவர்கள், மழையில் எங்களோடு நடந்தவர்கள். ஆனாலும் விழாத அந்த அரைப் பேரை யாரும் ஈடு செய்யவில்லை. சித்தப்பா முணுமுணுப்பார். மகள் மேல் வகுப்புக்குப் போனதும் சித்தி நோட்டை மூடிவிட்டார். பிறகு குழுவுக்கு வந்த பணமும் நின்றது.

சித்தி செய்த வேலையை வேறு இடங்களிலும் பெண்கள் செய்தார்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970இல் தொடங்கிய திட்டத்தில் எழுத்தறியாத கிராமப் பெண்களே ஊரின் நலம் பார்த்தார்கள். எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய திட்டத்தில் கிராமப் பகுதிக்கு இரண்டு பெண்களைத் தெரிந்தெடுத்து, ஒரு வருஷம் பயிற்றி, அரசுச் சம்பளத்தில் வைத்தது. எங்களைவிட வசதி குறைந்த நாடு அது. சம்பளம் என்ற இடத்தில்தான் என் மனம் நின்று, திரும்பவும் சித்தியின் வாசலுக்குப் போகிறது.

இப்போது பெரிய கட்டடங்கள் வந்திருக்கின்றன. இந்திய உதவியில் எழுந்த டிக்கோயா ஆஸ்பத்திரி 2017இல் திறக்கப்பட்டது. 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, ஆனால் மேல் லயத்திலிருந்து ரோட்டுக்குக் கம்பளியில் கட்டித் தூக்கி வருவது நின்றபாடில்லை. குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் பல டிவிசன் பார்க்கிறார். 2016 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் 17.3 வீதம். தூரத்து ஆஸ்பத்திரியில் இந்தக் குறை தீராது. லயத்துக்குள் யாராவது மாதா மாதம் தூளியைக் கட்ட வேண்டும்.

டொரண்டோவில் இருக்கும் மச்சான் போன மாதம் கேட்டான்: "ஊருக்கு என்ன அனுப்ப? பிரஷர் பார்க்கிற மெஷின் அனுப்பவா?" மெஷின் வேண்டாம் என்றேன். வீடு வீடாகப் போகச் சம்மதித்திருக்கும் மூன்று பெண்களுக்கு, அவர்கள் மலைக்குப் போகாத நாளுக்கான முழுப் பேரை மாதா மாதம் அனுப்பச் சொன்னேன். அவன் சரி என்றதும் அந்தப் பெண்களிடம் போய்ச் சொன்னேன். அவர்களில் இளையவள் உடனே சந்தோஷப்படவில்லை.

"எத்தன வருஷத்துக்குன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே," என்றாள். "நடுவுல நிக்காதுன்னா, நாளைக்கே கங்காணிக்கிட்ட சொல்லிப்புடுறேன்."