கள்ளன் வேடம்

சென்ற ஆண்டுக் கலைவிழாவுக்கு நீதிமன்ற நாடகமொன்றைப் பழக்கினோம். நீதிபதிக்கும் சட்டத்தரணிக்கும் மாணவரைத் தெரிந்தபின், கள்ளன் வேடத்துக்குச் சீவல் தொழிலாளி ஒருவரின் மகனை அழைத்தோம். முகத்தில் சற்றுக் கரி பூசலாமென்றும் சொன்னோம். "சேர், போன முறையும் நான்தானே கள்ளன்?" என்றான் அவன். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சாதியை எண்ணியா தெரிந்தோம்? இல்லை என்றது நெஞ்சு. எண்ணாமலே அவ்வாறு தெரிய முடிந்ததே, அதுவல்லவா நோய்!

அக்கேள்வியோடுதான் 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தை மீண்டும் பார்த்தோம். 1993இல் தமிழகத்தின் முதனைக் கிராமத்தில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்ற தொழிலாளி திருட்டுப் பழி சுமத்தப்பட்டுப் பொலிஸ் காவலில் கொல்லப்பட்டார். அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோடு வாதாடினார். அவ்வழக்கே இயக்குநர் த. செ. ஞானவேலின் படத்துக்குக் கரு. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்த எமது மண்ணில், அம்மனுவின் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கண்கள் கலங்கின. ஆயினும் பையனின் கேள்வி விடவில்லை. வழக்கின் குறவர் படத்தில் இருளராயினர். இருளர் குலப் பெண் செங்கேணியாக நடித்தவர் மலையாள நடிகை லிஜோமோள் ஜோஸ். நிறத்தைக் கருமையாக்கும் ஒப்பனையும் இடப்பட்டது. அவர் இருளரிடையே பழகி, உள்ளம் உருக நடித்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துயரம் அம்மக்களுடையது, முகம் பிறருடையது. நீதியைப் பேசும் வாயோ நாயகன் சூர்யாவின் வழக்கறிஞருக்கே உரியதாயிற்று.

எமது இலக்கியம் இவ்விடத்தில் ஓர் அடி முன்னே சென்றதுண்டு. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவே நேர்ந்தது. அக்காலப் போராட்டங்களைக் கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலாக்கினார். அம்மக்களிடையே பிறந்தவரே பேனா பிடித்தமையால், அவருடைய மாந்தர் இரக்கத்துக்குக் காத்திருப்போராக மட்டும் இல்லை. எதிர்த்து நிற்போராகவும் எழுந்தனர்.

படத்தின் இறுதியில் சிறுமி அல்லி, பத்திரிகை படிக்கும் வழக்கறிஞரைப் போலவே நாற்காலியில் கால்மேற் காலிட்டுப் பத்திரிகையை விரிக்கிறாள். அக்காட்சிக்காகவே படத்தை வணங்கலாம். அவள் வளர்ந்து தன் கதையைத் தானே எழுதும் நாளையே நாம் வேண்டுகிறோம்.

மறுநாள் வேடங்களை மாற்றினோம், பையன் நீதிபதியானான். "அவனுக்குக் குரல் போதாது" என்றார் சக ஆசிரியர் ஒருவர். முதல் ஒத்திகையில் குரல் நடுங்கத்தான் செய்தது. மூன்றாம் ஒத்திகையில் மண்டபத்தின் கடைசி வாங்குவரை கேட்டது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த விழாவுக்கு வேடம் பங்கிடும்போது, கள்ளனைத் தேடும் எமது கண் முதலில் எந்தப் பிள்ளையிடம் செல்கிறது என்பதைக் கவனிப்போமாக.