நானுஓயாவில் ஒரு தேயிலைப் பொதி

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஏறத்தாழ 5,290 அடி உயரத்தில் அமைந்திருப்பது நானுஓயா நிலையம். பாதை இங்கு வந்து சேர்ந்தது 1885இல். நுவரெலியாவைக் காண வருவோருக்கு வாயில் இதுவே. சுற்றிலும் எப்பக்கம் நோக்கினும் தேயிலை. ஆதலின், மலைநாட்டிலிருந்து உறவினர்க்குக் கொண்டுசெல்லும் பரிசு யாது என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. அதனைச் செவ்வனே பொதிந்து கொடுப்பது எவ்வாறு என்பதே கேள்வி.

தேயிலை ஈரத்தையும் அயல் மணத்தையும் விரைவில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதனாலன்றோ முன்னாளில் ஏற்றுமதித் தேயிலையை உள்ளே உலோகத்தாள் விரித்த பலகைப் பெட்டிகளில் அடைத்தனர்! பிற்காலத்தில் கனத்த காகிதப் பைகள் வந்தபோதும் உட்காப்பு நீங்கவில்லை. நம் பரிசுக்கும் அந்நெறியே பொருந்தும். அச்சு மை மணக்கும் செய்தித்தாளைத் தேயிலையின்மேல் நேரே சுற்றலாகாது. வாசனைச் சவர்க்காரத்தோடு சேர்த்துக் கட்டலுமாகாது. முதலில் ஈயத்தாளில் இறுக மடித்து, ஒரு சிறு அட்டைப் பெட்டியில் இடுக.

இனி மேலுறை. தாளின் நீளம் பெட்டியின் சுற்றளவைவிட இரண்டு அங்குலம் மிகுதியாக இருக்கட்டும். இரு பக்கங்களிலும், பெட்டியின் உயரத்தில் முக்காற்பங்கு அளவுக்குத் தாள் நீண்டிருந்தால் போதும். ஓரங்களை உள்ளே தள்ளி, மேலும் கீழுமாக மடித்து ஒட்டினால் மூலைகள் கூராக அமையும். பழைய நாட்காட்டித் தாளே இதற்குப் போதுமானது. சணற்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் ஒரு பன்னக் கீற்றைச் செருகினால் மலையின் பசுமையும் உடன் செல்லும். ஜப்பானியர் ‘பூரோஷிகி’ என்னும் சதுரத் துணியில் பரிசை முடிந்து அளிப்பர். நம் வீட்டுச் சேலைத் துண்டிலும் அவ்வாறே முடியலாம்.

இம்மலைகளிலிருந்து கனத்த நெஞ்சோடு சென்ற பயணங்களும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். தலைமன்னாருக்கு அவர்களைச் சுமந்து சென்ற வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தம் பெற்றோரும் கண்டிராத ஊர்களுக்குப் போயினர்.

ஆகவே, பொதி கட்டி முடித்ததும் ஒரு சிறு சீட்டில் தேயிலை விளைந்த தோட்டத்தின் பெயரை எழுதி ஒட்டுவோம். ஆங்கிலப் பெயரோடு நில்லாமல், கொழுந்து பறிப்போர் வழங்கும் தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்து எழுதுவோம். தமிழகத்தில் அதனைப் பெறும் ஒரு முதியவருக்கு, தேயிலையினும் அந்தப் பெயரே பெரும் பரிசாக இருத்தல் கூடும்.